கொல்லையில் மேயும் கோழிகளைப் பெட்டியில் முட்டையிடப் பழக்குதல்

நாகப்பட்டினம் ஜில்லாவில் நெற்சாகுபடியே பிரதானமான தொழில். ஆயினும் கீழ்வேளூர், திருக்குவளை, வேதாரண்யம் முதலிய தாலுகாக்களில் உள்ள குடியானவர் வீடுகள் பலவற்றில், கொல்லைப்புறத்தில் நான்கைந்து நாட்டுக் கோழிகள் மேய்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். இவற்றிற்கெனத் தனியே செலவு செய்வார் மிகச் சிலரே. களத்தில் சிந்திய நெல், பதரோடு கலந்த கருக்காய், வாய்க்கால் கரையிலுள்ள புழு பூச்சிகள், வீட்டில் மிஞ்சிய சோறு ஆகியவற்றைத் தாமே தேடித் தின்று இவை வளர்கின்றன. இவை இடும் முட்டைகளை விற்று வரும் பணம் பெரும்பாலும் வீட்டு ஸ்திரீகளின் கையிலேயே தங்கி, குழந்தைகளின் புஸ்தகம், மருந்து போன்ற சில்லறைத் தேவைகளுக்கு உதவுகிறது. ஆதலால் இவ்வருமானம் சிறிதாயினும் அற்பமானதன்று.

இவ்வருமானத்தில் ஒரு பங்கு நாள்தோறும் வீணாகிறது. அதற்குக் காரணம் கோழி முட்டையிடாமையன்று. இட்ட முட்டை வீட்டாரின் கைக்கு வந்து சேராமையே. வைக்கோற்போரின் அடியிலும், வேலிப் புதரிலும், வாழைக் கொல்லையின் சருகிலும், விறகுக் குவியலின் இடுக்கிலும் கோழிகள் மறைவாக முட்டையிடுகின்றன. அவற்றிற் சிலவற்றைக் காகமும் கீரியும் பாம்பும் கொண்டுபோகின்றன. சில மழையில் நனைந்து கெடுகின்றன. சில பல நாள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டு, புது முட்டையோடு கலந்து சந்தைக்குப் போகின்றன.

இந்த நஷ்டத்தின் அளவை ஓர் உதாரணத்தால் அறியலாம். நாட்டுப் பெட்டைக்கோழி ஒன்று வருஷத்தில் ஏறக்குறைய 50 முதல் 60 முட்டைகள் வரை இடும். ஐந்து கோழிகள் உள்ள ஒரு வீட்டில் மொத்தம் 250 முதல் 300 முட்டைகள் கிடைக்க வேண்டும். அவற்றில் நாலில் ஒரு பங்கு தவறிப்போவதாக வைத்துக்கொண்டால், குறைந்தபட்சம் 60 முட்டைகள் கைவிட்டுப் போகின்றன. அதாவது, ஐந்து கோழிகளில் ஒன்று வருஷம் முழுவதும் இட்ட முட்டை அத்தனையும் காகத்திற்கும் கீரிக்கும் போய்ச் சேருகிறது. புதிதாக ஒரு கோழி வாங்குவதைவிட, இருக்கும் கோழிகளைப் பெட்டியில் முட்டையிடப் பழக்குவது சிக்கனமான வழி என்பது இதனால் விளங்கும்.

இதில் உயிருக்கே அபாயமான விஷயமும் ஒன்று உண்டு. மறைவான முட்டையைத் தேடி வைக்கோற்போருக்குள்ளும் புதருக்குள்ளும் கையை விடுபவர்கள் பெரும்பாலும் சிறு பிள்ளைகளே. எலியையும் முட்டையையும் நாடி நல்ல பாம்பு தங்கும் இடமும் அதுவே. முட்டை பெட்டியில் கிடைக்குமாயின், பிள்ளைகள் அவ்வாறு கை விடவேண்டிய அவசியமே நேராது.

கோழியின் இயல்பு

கோழி ஏன் ஒளிந்து முட்டையிடுகிறது என்பதை அறிந்தாலொழிய அதனைப் பழக்குதல் இயலாது. வீட்டுக் கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியாகும். தாய்லாந்து தேசத்தில் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த, 3,000 வருஷங்களுக்கு மேற்பட்ட கோழி எலும்புகளை ஆராய்ந்த நிபுணர்கள், நெற்பயிர் செய்யத் தொடங்கிய மனிதரின் வயலையும் களஞ்சியத்தையும் நாடி வந்த காட்டுக்கோழியே நாளடைவில் வீட்டுக் கோழியாயிற்று என்று 2022-ஆம் வருஷத்தில் வெளியிட்டனர். நெல்லும் கோழியும் சேர்ந்தே வந்தவை என்பது டெல்டாக் குடியானவருக்கு வியப்பாக இராது.

காட்டுக்கோழி மரத்தில் உறங்கும். ஆனால் தரையில், புதர் மறைவில், சருகைச் சிறிது பள்ளமாக்கி முட்டையிடும். மறைவு, மங்கலான வெளிச்சம், மிருதுவான அடித்தளம், பிறர் நடமாட்டமின்மை ஆகிய நான்கையும் அது தேடுகிறது. வீட்டுக் கோழியிடத்திலும் இவ்வியல்பு மாறவில்லை. வைக்கோற்போரின் அடியில் இந்நான்கும் ஒருங்கே அமைந்திருப்பதால்தான் கோழி அதனை விரும்புகிறது. பெட்டியிலும் இந்நான்கையும் அமைத்துக் கொடுத்தால் அது பெட்டியை விரும்பும்.

முட்டையிடுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகவே கோழி அமைதியிழந்து அங்குமிங்கும் நடந்து, கேறிக்கொண்டு, பல இடங்களை எட்டிப் பார்க்கும். இச்செய்கை அதன் விருப்பத்தைப் பொறுத்ததன்று. முட்டைப் பையிலிருந்து கரு வெளிப்பட்டபின் அங்கே உண்டாகும் சுரப்புநீர்களே மறுநாள் இந்த உணர்ச்சியைத் தூண்டுகின்றன என்பதை, எடின்பரோ நகரத்துக் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் வுட்-கஷ் என்பவரும் அவரது துணைவரும் 1960-களில் சோதனையால் நிரூபித்தனர். ஆகவே இடம் தேடும் கோழியை அடித்து விரட்டுவதில் பயனில்லை. அது வேறொரு மறைவிடத்தை நாடுமேயன்றி, தேடுதலை நிறுத்தாது. அது தேடும் சமயத்தில் தகுந்த இடம் கண்ணிற்படும்படி செய்வதே உபாயம்.

முட்டையிடும் நேரம்

ஒரு முட்டை கோழியின் உடலில் உருவாக ஏறக்குறைய 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு உண்டாவதற்கே செல்கிறது. ஆதலால் இன்று காலை 7 மணிக்கு முட்டையிட்ட கோழி நாளை 8 மணிக்கும், அதன் மறுநாள் 9 மணிக்கும் இடலாம். இவ்வாறு நேரம் பிந்திக்கொண்டே சென்று, பிற்பகலை நெருங்கியதும் ஒரு நாள் இடாமல் நின்று, பிறகு மீண்டும் அதிகாலையில் தொடங்கும். பொதுவாகப் பெரும்பாலான முட்டைகள் விடியலுக்கும் முற்பகல் 11 மணிக்கும் இடையே இடப்படுகின்றன. கோழிகளை அடைத்துப் பழக்கும் முறைக்கு இதுவே ஆதாரமாகும்.

பெட்டி செய்யும் விதம்

பெட்டிக்கு அதிகச் செலவு வேண்டுவதில்லை. ஒரு நாட்டுக் கோழிக்கு 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 முதல் 14 அங்குல உயரம் உள்ள அறை போதுமானது. இதனைப் பலகையால் செய்யலாம்; மூங்கில் பிளாச்சால் பின்னலாம்; செங்கல்லும் களிமண்ணும் கொண்டு சுவரோரமாகக் கட்டலாம். இவையொன்றும் இயலாதவர் வாயகன்ற பழைய மண்பானையைப் பக்கவாட்டில் சாய்த்து, உருளாதபடி மணலில் பாதி புதைத்து வைத்தாலும் காரியம் நடக்கும். நான்கு அல்லது ஐந்து கோழிகளுக்கு ஓர் அறை வீதம் கணக்கிட்டு, எத்தனை குறைவான கோழிகளாயினும் இரண்டு அறைகளாவது வைத்தல் நலம். ஏனெனில், ஒரு கோழி உள்ளே இருக்கும்போது மற்றொன்று காத்திராமல் வைக்கோற்போரை நாடிவிடும்.

அறையின் முன்புறத்தில் நான்கு அங்குல உயரமுள்ள தடுப்பு ஒன்று இருத்தல் வேண்டும். இல்லாவிடில், கோழி கால்களால் சீய்க்கும்போது வைக்கோலும் முட்டையும் வெளியே உருண்டு விழும். வாயிலின் மேற்பாதியை ஒரு கிழிந்த சாக்கினால் அல்லது தென்னங்கீற்றினால் மறைத்துவிட்டால் உள்ளே மங்கலான இருள் நிலவும். இருளில் முட்டையைக் கோழிகள் கொத்தி உடைப்பதும் குறையும். மேற்கூரை சரிவாக இருத்தல் அவசியம். தட்டையாக இருந்தால் இரவில் கோழிகள் அதன்மேல் அடைந்து எச்சமிடும்.

அறையினுள் மூன்று அங்குல கனத்திற்குக் காய்ந்த வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கிப் பரப்பி, நடுவில் கையால் அழுத்திச் சிறு பள்ளம் செய்யவேண்டும். நறுக்காத நீண்ட வைக்கோல் கோழியின் காலிற் சிக்கி முட்டையை இழுத்துத் தள்ளும். உமியை மட்டும் பரப்பினால் அது விலகி முட்டை பலகையில் மோதும். ஆகவே அடியில் உமியும் மேலே நறுக்கிய வைக்கோலும் இடுவது உத்தமம்.

வைக்கும் இடம்

பெட்டியை வைக்கும் இடத்தைப் பொறுத்தே பாதி வெற்றி அமையும். வாசற்புறத்தில், ஜனங்கள் போய்வரும் வழியில், வெயில் நேரே படும் இடத்தில் வைத்தால் கோழி திரும்பியும் பாராது. கொல்லைப்புறத்தில் மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலை, தாழ்வாரத்தின் ஒதுக்கு முதலியவை தகுந்த இடங்கள். வாயில் சுவரை நோக்கியோ, வெளிச்சத்திற்குப் பக்கவாட்டிலோ இருக்கட்டும்.

முதலில் பெட்டியைத் தரையிலேயே வைத்துப் பழக்கி, கோழிகள் பழகிய பின் சிறிது சிறிதாக உயர்த்தி, இரண்டடி உயரத்தில் நிலைநிறுத்தலாம். நாட்டுக் கோழி எளிதில் அவ்வுயரத்திற்குத் தாவும். எலியும் மழைநீரும் அங்கே எளிதில் எட்டா. ஏறுவதற்கு முன்புறத்தில் ஒரு மூங்கில் கழியைக் கட்டிவைக்கவேண்டும். ஆனால் இரவில் கோழிகள் அடைவதற்கான கொம்பு, பெட்டியைவிட உயரமாக இருத்தல் வேண்டும். கோழி எப்போதும் உயர்ந்த இடத்திலேயே உறங்க விரும்புமாகையால், கொம்பு தாழ்வாக இருந்தால் பெட்டிக்குள்ளேயே உறங்கி அதனை அசுத்தமாக்கிவிடும்.

பழக்கும் முறை

முதல் முட்டை இடாத விடைக்கோழிகளைப் பழக்குவது மிகச் சுலபம். கொண்டை சிவந்து, மூலை முடுக்குகளை எட்டிப் பார்க்கத் தொடங்குவது முட்டைக்காலம் நெருங்கியதற்கு அறிகுறி. அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பெட்டியை வைத்துவிடவேண்டும். முதல் முட்டையை எங்கே இடுகிறதோ அவ்விடத்தையே கோழி மீண்டும் நாடும் இயல்புடையதாதலால், முதல் வாரத்திற் காட்டும் ஜாக்கிரதை பின்வரும் காலமெல்லாம் பலன் தரும்.

பெட்டியினுள் ஒரு போலி முட்டையை வைத்தல் வேண்டும். வேறொரு கோழி முட்டையிட்ட இடம் பாதுகாப்பானது என்று கோழி கருதுவதுபோல், முட்டை இருக்கும் கூட்டையே அது பெரிதும் தெரிந்தெடுக்கும். மரத்தைக் கடைந்தோ, சுண்ணாம்புச் சாந்தை உருட்டியோ, முட்டை வடிவான வெள்ளைக் கூழாங்கல்லைக் கொண்டோ போலி முட்டையை அமைக்கலாம். கிராமங்களில் பெரியோர் உண்மையான முட்டை ஒன்றையே கூட்டில் விட்டுவைப்பது வழக்கம். அவ்வாறு செய்வோர், அம்முட்டையின்மேல் கரியால் ஓர் அடையாளமிட்டு, நாலைந்து நாளுக்கொரு முறை மாற்றவேண்டும். அடையாளமின்றி விட்டால், பல நாள் கிடந்த அந்த முட்டையே ஒரு நாள் விற்பனைக்குச் சென்றுவிடும்.

ஏற்கெனவே வெளியில் இட்டுப் பழகிய கோழிகளுக்கு, அடைத்துவைக்கும் முறை வேண்டும். பெட்டியுள்ள கொட்டகையையோ, வலையாலோ கீற்றாலோ தடுத்த ஒரு மூலையையோ தயார் செய்து, இரவில் கோழிகள் அங்கேயே அடையுமாறு செய்து, காலையில் 11 மணி வரை திறந்துவிடாமல் இருக்கவேண்டும். உள்ளே தண்ணீரும் சிறிது தீனியும் வைத்தல் அவசியம். ஒன்றிரண்டு வாரம் இவ்வாறு செய்தால் பெரும்பாலான கோழிகள் பெட்டியிலேயே இடத் தொடங்கும். பிறகு நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பழையபடி விடியற்காலையிலேயே மேய விடலாம். மேலே சொல்லியபடி நேரம் பிந்தி இடும் கோழி ஒன்றிரண்டு 11 மணிக்குப் பின்னும் இடாமல் இருக்கக்கூடும். கேறிக்கொண்டு இடம் தேடும் கோழியை மட்டும் அன்றைய தினம் மேலும் சிறிது நேரம் நிறுத்திவைப்பது நன்று.

தனியாகக் கொட்டகை இல்லாத வீடுகளில் பஞ்சாரமே போதும். கிராமத்து ஸ்திரீகள் காலையில் கோழியைப் பிடித்து, முட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, இருந்தால் பஞ்சாரத்தினுள் கவிழ்த்துவைப்பது நெடுநாளைய வழக்கம். இவ்வழக்கத்தோடு, பஞ்சாரத்தினுள் வைக்கோலும் போலி முட்டையும் கொண்ட ஒரு தட்டுக்கூடையை வைத்து, பஞ்சாரத்தின்மேல் ஒரு சாக்கையும் போர்த்தினால், அதுவே ஒரு முட்டைப் பெட்டியாகிவிடும். சில நாள் கழித்து அதே கூடையைப் பெட்டியினுள் வைத்தால் கோழி கூடையை அடையாளம் கண்டு பின்தொடரும்.

மறைவுக் கூட்டைக் கண்டுபிடித்தல்

பழைய மறைவிடம் கோழிக்கு எட்டும்வரை பெட்டியின் மேல் அதற்கு மனம் செல்லாது. அவ்விடத்தைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. முட்டை இருப்பதாகத் தெரியும் கோழியை முற்பகல்வரை அடைத்துவைத்து, பின்பு திறந்துவிட்டுத் தூரத்தில் நின்று கவனித்தால், அது மேயாமல் நேரே தன் மறைவிடத்திற்கே விரையும். முட்டையிட்டபின் எழுப்பும் கொக்கரிப்பை மட்டும் நம்புதல் கூடாது. கூட்டைவிட்டுச் சற்று விலகி வந்த பின்பே சில கோழிகள் கொக்கரிக்கும்.

கூடு அகப்பட்டதும், கோழி அங்கே இல்லாத சமயத்தில், நீண்ட கழியால் முதலில் வைக்கோலைக் கலைத்துப் பார்த்துப் பாம்பு இல்லையென்று உறுதி செய்துகொண்ட பின்னரே முட்டைகளை எடுத்தல் வேண்டும். பிள்ளைகளை இவ்வேலைக்கு அனுப்பலாகாது. ஒருவேளை பாம்பு தீண்டிவிட்டால், கீறுவதும் கட்டுவதும் மந்திரிப்பதுமாகக் காலத்தைப் போக்காமல், விஷமுறிவு மருந்துள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுசெல்லுதல் வேண்டும்.

பிறகு அம்மறைவிடத்தைக் கலைத்து, உடைமுள்ளாலோ கருவேல முள்ளாலோ அடைத்துவிடவேண்டும். வைக்கோற்போர் போடும்போதே அடியைச் சுற்றி முள்ளிட்டுவிட்டால் பின்னால் தொல்லையில்லை. இயந்திர அறுவடை பெருகிய பின் வைக்கோல் உருளைக் கட்டுகளாகக் கட்டப்படுகிறது; அக்கட்டுகளுக்கிடையே உள்ள சந்துகளும் கோழிகளுக்கு மிகவும் உகந்தவையாதலால், அவற்றை நெருக்கி அடுக்கி, வாய்களைக் கீற்றால் மறைக்கவேண்டும். கோழி விரும்பிய அதே வைக்கோலில் ஒரு கைப்பிடியைப் பெட்டியில் இடுவதும் நல்ல உபாயம்.

பெட்டியை வெறுக்கும் காரணங்கள்

சில நாள் ஒழுங்காக இட்ட கோழிகள் திடீரென்று பெட்டியை விட்டு ஓடினால், முதலில் சந்தேகிக்கவேண்டியது செள்ளையும் பேனையுமே. சிவப்புச் செள் பகலில் பலகைச் சந்துகளில் ஒளிந்திருந்து இரவில் இரத்தத்தை உறிஞ்சும். பலகை இணைப்புகளில் கத்தி முனையை நுழைத்துப் பார்த்தால் அவை தென்படும். அப்போது உள்ளிருக்கும் வைக்கோலை எரித்து, பெட்டியில் கொதிநீரை ஊற்றிக் கழுவி, நல்ல வெயிலில் உலர்த்தி, சந்துகளைச் சுண்ணாம்பால் பூசவேண்டும். மாதம் ஒரு முறை வைக்கோலை மாற்றுவதும், அதனடியில் காய்ந்த வேப்பிலையை இடுவதும் நல்ல பழக்கம். கோழிகள் புரள்வதற்கு ஓரிடத்தில் உலர்ந்த மணலும் சாம்பலும் கலந்து வைத்தால் உடம்பிலுள்ள பேன் குறையும்.

பெட்டியினுள் உடைந்த முட்டையின் பிசுக்கு, எச்சம், ஈரம் ஆகியவை இருந்தாலும் கோழி உள்ளே புகாது. நாயோ பூனையோ ஒரு முறை அங்கே பயமுறுத்தியிருந்தால், பெட்டியை வேறிடத்திற்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. முட்டையை எடுப்பவர் கோழி உள்ளே இருக்கும்போது கையை விட்டு அதனைக் கிளப்பக்கூடாது. அது தானாக வெளியேறும்வரை பொறுத்திருப்பதே முறை.

அடைக்கோழி

நாட்டுக் கோழி பத்து முதல் பதினைந்து முட்டைகள் இட்டதும் அடைப்படுத்துவது இயற்கை. அடைக்கோழி பெட்டியை விட்டு எழாமல் மற்றக் கோழிகளுக்கு இடமில்லாமற் செய்துவிடும். குஞ்சு வேண்டுமானால், அதனை இரவில் தூக்கி வேறொரு மறைவான கூடையில், பத்துப் பன்னிரண்டு புதிய முட்டைகளின்மேல் அமர்த்தவேண்டும். 21 நாட்களில் குஞ்சு பொரிக்கும். குஞ்சு வேண்டாதபோது, அடிப்புறம் காற்றோட்டமுள்ள மூங்கில் கூண்டில் வைக்கோலின்றி மூன்று முதல் ஐந்து நாள் அடைத்து, தீனியும் தண்ணீரும் தவறாமல் கொடுத்துவந்தால் வயிற்றுச் சூடு தணிந்து அடைப்புத்தி நீங்கும். மூக்கில் இறகைச் செருகுவதும், குளத்து நீரில் அமிழ்த்துவதுமாகச் சில இடங்களிற் செய்யும் கொடுமைகள் அவசியமற்றவை.

தீனியும் ஓட்டின் உறுதியும்

ஓடு மெல்லியதாயின் பெட்டியிலும் முட்டை உடையும். உடைந்ததைத் தின்று ருசி கண்ட கோழி பிறகு தானே கொத்தத் தொடங்கும். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து மிகவும் அவசியம். நாகப்பட்டினம் கடற்கரையோரத்தில் கிளிஞ்சலுக்குக் குறைவில்லை. அதனை இடித்து, நெல்லளவு துண்டுகளாக்கி, ஒரு தனிச் சட்டியில் வைத்தால் கோழிகள் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். நொய்யும் தவிடும் மட்டுமே தின்னும் கோழிக்குப் புரதம் போதாது; கரையான், அசோலா, சிறிது மீன்தூள் முதலியவை அக்குறையை நீக்கும். ஆனால் உப்பிட்ட கருவாட்டுக் கழிவை மிகுதியாகக் கொடுத்தால் உப்பே நஞ்சாகிக் கோழி இறக்கும். முட்டையிலும் மீன் நாற்றம் ஏறும்.

வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய் கண்டால் முட்டையும் நிற்கும், கோழியும் மிஞ்சாது. இதற்குரிய தடுப்பூசியை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் உரிய காலத்தில் போட்டுக்கொள்ளவேண்டும். கோழி வளர்ப்பைப் பற்றிய மற்ற ஆலோசனைகளைச் சிக்கலிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம்.

மழைக்காலமும் புயலும்

நாகப்பட்டினத்தில் மார்கழி மாதத்துப் பகல் சுமார் 11½ மணி நேரமும், ஆனி மாதத்துப் பகல் சுமார் 12¾ மணி நேரமும் உடையவை. பகல் குறுகுவதாலும், ஈரத்தாலும், இறகுதிர்தலாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை முட்டை குறைவது இயல்பு. அக்காலத்தில் முட்டை காணவில்லையென்றால் எல்லாம் மறைவிடத்திற்குப் போயிற்றென்று எண்ணலாகாது. தை மாதத்துச் சம்பா அறுவடைக்குப் பின் சிந்திய நெல் கிடைப்பதும் பகல் நீள்வதும் சேர்ந்து முட்டை பெருகும். புதிய வைக்கோற்போர்கள் எழும் காலமும் அதுவே. ஆகையால் பெட்டிகளைப் பொங்கலுக்கு முன்பே பழுது பார்த்துத் தயாராக வைத்தல் வேண்டும்.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்தை அடுத்துக் கரையைக் கடந்த கஜா புயல், தென்னையையும் கூரையையும் மட்டுமன்றி, ஆடு மாடு கோழிகளையும் ஏராளமாக வாரிக்கொண்டு போயிற்று. புயல் எச்சரிக்கை வந்ததும் மரத்திலும் புதரிலும் சிதறியிருக்கும் கோழிகளைப் பிடிப்பது எளிதன்று. கொட்டகையில் அடையவும் பெட்டியில் முட்டையிடவும் பழகிய கோழிகளை மாலையில் ஒரே இடத்திற் பிடித்து, பஞ்சாரத்தோடு உறுதியான கட்டடத்திற்குக் கொண்டுபோய்விடலாம். இது இப்பழக்கத்தால் வரும் மற்றொரு நன்மை.

சேகரித்தலும் சங்கத்தின் கடமையும்

முட்டைகளை நாளொன்றுக்கு இரு முறை, கோடையில் மும்முறை, சேகரித்தல் வேண்டும். சேவலோடு கூடிய கோழியின் முட்டையில் கரு இருக்கும். உஷ்ணம் மிகுந்தால் அடை வைக்காமலே அது வளரத் தொடங்கி முட்டையைக் கெடுத்துவிடும். குஞ்சுக்கு வேண்டாத காலத்தில் சேவலைப் பிரித்துவைத்தால் முட்டை நீண்ட நாள் கெடாமலிருக்கும். முட்டைகளைத் தண்ணீரிற் கழுவாமல், அழுக்கை உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். கழுவினால் ஓட்டின்மேலுள்ள மெல்லிய பூச்சு நீங்கி, நுண்துளைகளின் வழியே கிருமிகள் உட்புகும். விற்பனைக்குரிய முட்டைகளை மணல் பரப்பிய பானையில், ஈரக்கோணி சுற்றி, நிழலில் வைத்தல் நன்று.

மறைவிடத்தில் கண்டெடுத்த முட்டைகளைச் சோதியாமல் ஒருபோதும் விற்பனைக்கு அனுப்பலாகாது. தண்ணீரில் இட்டால் புது முட்டை படுத்தவாறு அடியில் தங்கும், சில நாளானது ஒரு முனையை உயர்த்தி நிற்கும், கெட்டது மிதக்கும். ஆனால் தண்ணீரில் இட்ட முட்டை விற்பனைக்கு ஏற்றதன்று. அதனை வீட்டிலேயே அன்றே உபயோகித்துவிடவேண்டும். சங்கத்திற்கு அனுப்பும் முட்டைகளை இருட்டில் விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பார்த்துத் தெரிந்தெடுப்பது சிறந்த முறை.

இவ்விஷயத்தில் தனி வீட்டின் ஒழுங்கு சங்கத்தின் ஒழுங்காகவும் ஆகிறது. சென்னை மாகாணத்தில் முதல் கூட்டுறவு நாணய சங்கம் 1904-ஆம் வருஷம் திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் பதிவாயிற்று. கடன் கொடுப்பதற்காகத் தொடங்கிய அவ்வியக்கம் பின்னர் விளைபொருள்களை விற்கும் துறையிலும் புகுந்தது. அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனருத்தாரண நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர், 1920-களிலும் 1930-களிலும் குடியானவரின் கோழிகளை அபிவிருத்தி செய்து, முட்டைகளை ஒன்றுசேர்த்துத் தரம் பிரித்துக் கூட்டுறவு முறையில் விற்கச் செய்தார். ஒருவர் நாலு முட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோனால் வழிச்செலவுக்கும் காணாது. நூறு பேர் நானூறு முட்டையை ஒரே பெயரில் அனுப்பினால் வியாபாரி வீடு தேடி வருவான் என்பதே அதன் தத்துவம்.

அந்த ஒரே பெயரில்தான் அபாயமும் இருக்கிறது. முட்டையை உடைக்கும்வரை அதன் குணம் வாங்குவோருக்குத் தெரியாது. நூறு நல்ல முட்டைகளுக்கிடையே கூடையில் அழுகிய முட்டை ஒன்று இருந்துவிட்டால், அது யார் வீட்டு முட்டை என்று வாங்கியவர் கேட்கமாட்டார். சங்கத்தின் முட்டை கெட்டது என்றே சொல்லுவார். பண்ணை முட்டையைவிட அதிக விலை கொடுத்து நாட்டுக்கோழி முட்டையை வாங்குபவர், புதியது என்ற நம்பிக்கைக்கே அவ்விலையைக் கொடுக்கிறார். அந்நம்பிக்கை குலைந்தால், பெட்டி வைத்து ஒழுங்காக முட்டை சேகரித்த அங்கத்தினரும் விலை இழப்பர்.

ஆதலால் சங்கங்கள் பின்வரும் ஏற்பாடுகளைச் செய்வது நலம். முட்டை கொண்டுவரும் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் ஓர் எண் கொடுத்து, அவ்வெண்ணையும் முட்டையிட்ட தேதியையும் ஓட்டின்மேல் பென்சிலால் குறிக்கச் செய்யலாம். மறைவிடத்தில் கிடைத்த முட்டையை ஏற்பதில்லையென்று தீர்மானிக்கலாம். தச்சரைக் கொண்டு ஒரே அளவில் பெட்டிகள் செய்வித்து, அடக்க விலைக்குத் தவணையில் கொடுக்கலாம். வாரம் இரு முறை குறித்த நாளில் முட்டை சேகரிக்கலாம். இவ்வேலையை வீட்டில் கோழியைக் கவனிக்கும் ஸ்திரீகளிடமே ஒப்புவித்து, கிரயத்தை அவர்கள் பெயரிலேயே கணக்கில் வரவு வைப்பது நியாயமும் பயனும் உடையதாகும்.

தொடங்க விரும்பும் அங்கத்தினர் முதல் வாரத்தில் செய்யவேண்டியது சொற்பமே: இரண்டு பெட்டிகள், ஒரு கைப்பிடி நறுக்கிய வைக்கோல், இரண்டு போலி முட்டைகள், வைக்கோற்போரைச் சுற்றிச் சிறிது முள், காலையில் 11 மணி வரை பொறுமை. எந்தத் தேதியில் எத்தனை முட்டை பெட்டியிலும், எத்தனை வெளியிலும் கிடைத்தன என்பதைச் சுவரில் கரியாலாவது குறித்துவந்தால், ஒரு மாதத்திற்குள் வித்தியாசம் அவருக்கே விளங்கும். அக்கணக்கை அடுத்த சங்கக் கூட்டத்திற்குக் கொண்டுவந்து மற்ற அங்கத்தினருக்குக் காட்டுவாராயின், பிரசங்கங்கள் பல செய்வதைவிட அது அதிகப் பலன் தரும்.